வாடல் நோயா, மென்னழுகலா: உருளைக்கு எது மோசம்?

தாளவாடி மலையில் உருளை போடுகிறவர்களுக்கு இரண்டு பாக்டீரியா நோய்கள் பெரிய தலைவலி. ரால்ஸ்டோனியாவால் வரும் வாடல் நோய் ஒன்று, பெக்டோபாக்டீரியத்தால் வரும் மென்னழுகல் இன்னொன்று.

வாடலில் இலை பச்சையாக இருக்கும்போதே செடி தொங்கிவிடும். தண்ணீர் விட்டும் நிமிரவில்லையா, தண்டை அடியில் அறுத்து, அறுத்த முனை மட்டும் படும்படி கண்ணாடி டம்ளர் தண்ணீரில் பிடித்துப் பாருங்கள். சில நிமிடத்தில் பால் நிறத்தில் நூல் நூலாக இறங்கினால் அதேதான். கிழங்கை வெட்டினால் தோலுக்குச் சற்று உள்ளே பழுப்பு வளையம் தெரியும். அமுக்கினால் சீழ் போலக் கசியும்.

மென்னழுகலுக்கு இவ்வளவு சோதனை வேண்டாம். மூட்டையைப் பிரித்ததும் நாற்றமே சொல்லிவிடும். அடிபட்ட கிழங்கை ஈரத்தோடு கட்டினால்தான் வேகமாகப் பரவும். தோல் முற்றியபின் பறித்து, நிழலில் உலர்த்தி, காற்றோட்டமாக வைத்தால் மேட்டுப்பாளையம் மண்டி வரைக்கும் பெரும்பாலும் தாங்கும்.

என் கணக்கில் வாடல்தான் மோசம். மென்னழுகல் ஒரு லோடைக் கெடுக்கும். வாடல் மண்ணிலேயே வருடக்கணக்கில் தங்கி நிலத்தையே கெடுக்கும். மருந்தடித்து விரட்ட முடியாது. அடுத்த போகம் தக்காளி, கத்தரி, மிளகாய் பக்கம் போகாதீர்கள், அவையும் அதற்குத் தீனி. ராகியோ மக்காச்சோளமோ போடுங்கள். அப்புறம், நோயில்லாத வயலின் விதைக்கிழங்கை வாங்கி வெட்டாமல் முழுசாக நடுங்கள்; வெட்டும் கத்தியே நோயைக் கிழங்குக்குக் கிழங்கு கடத்திவிடும்.