மூன்று திரை, ஒரு டாஸ்க்பார்: விண்டோஸ் 11-க்கு மாறிய பின் என் அனுபவம்

விண்டோஸ் 10-ல் இருந்து 11-க்கு மாறியவர்கள் டாஸ்க்பாரைப் பற்றிப் புலம்பும்போது, இரண்டு வேறு விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று, கெட்டுப்போனது. இன்னொன்று, எடுக்கப்பட்டது. கெட்டுப்போனதைச் சரிசெய்யலாம். எடுக்கப்பட்டது எத்தனை தடவை ரீஸ்டார்ட் செய்தாலும் வராது. ஒரே ஸ்க்ரீன் வைத்திருப்பவருக்கு இந்த வித்தியாசம் பெரிதாகப் படாது. மானிட்டர் இரண்டு, மூன்று என்று வைத்து வேலை செய்பவருக்கு இது தெரியாவிட்டால் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.

நான் மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். லேப்டாப்போடு வெளியே இரண்டு மானிட்டர். நடுவில் உள்ள அகலமானதில் எழுதும் கோப்பு, வலப்பக்கம் செங்குத்தாகத் திருப்பி வைத்திருப்பதில் மூலத்தின் பிடிஎஃப், லேப்டாப் திரையில் மெயிலும் வாட்ஸ்அப்பும். எல்லாம் ஒரு யுஎஸ்பி-சி டாக்கிங் ஸ்டேஷன் வழியாக ஒரே கேபிளில். 11-க்கு அது வந்த முதல் வருடத்திலேயே மாறிவிட்டேன். பிறகு 22எச்2, 23எச்2, 24எச்2 என்று எல்லாப் பெரிய அப்டேட்டும் இதே மேஜையில்தான் ஏறின.

முதலில் எடுக்கப்பட்டவை. 2021 அக்டோபர் 5 அன்று 11 வெளியானபோது அதன் டாஸ்க்பார் பழையதைத் திருத்தியது அல்ல, பெரும்பாலும் புதிதாக எழுதியது. அப்படி எழுதும்போது பழைய வசதிகள் பல கூட வரவில்லை. 10-ல் டாஸ்க்பாரைத் திரையின் நான்கு ஓரங்களில் எதிலும் வைக்கலாம், மானிட்டருக்கு மானிட்டர் வேறு ஓரத்திலும் வைக்கலாம். அகலமான மானிட்டரில் இடது ஓரமும் செங்குத்து மானிட்டரில் மேல் ஓரமும்தான் என் பழக்கம். அகலத் திரையில் பக்கவாட்டில் இடம் வீணாகக் கிடக்கும், உயரம்தான் பற்றாது என்பதால் அப்படி. 11-ல் எல்லா மானிட்டரிலும் டாஸ்க்பார் கீழேதான். ஐகான்களை நடுவில் வைக்கலாம், இடப்பக்கம் தள்ளலாம், அவ்வளவே.

அதோடு, ஒரே ஆப்பின் பல விண்டோக்களைத் தனித்தனி பட்டனாக, பெயரோடு காட்டும் வசதியும் போனது. எட்டு வேர்ட் கோப்பு திறந்திருந்தால் எட்டும் ஒரே ஐகானுக்குள். கோப்பை இழுத்து டாஸ்க்பார் ஐகான்மேல் பிடித்து இன்னொரு மானிட்டரில் இருக்கும் விண்டோவுக்குக் கொண்டுபோவது போனது. இரண்டாவது மானிட்டரில் கடிகாரமும் போனது. இந்தக் கடைசி விஷயம் அற்பமாகத் தோன்றலாம். முதன்மைத் திரையில் முழுத்திரையாக வீடியோ மீட்டிங் ஓடும்போது பக்கத்து மானிட்டரில் மணி பார்க்க முடியாவிட்டால்தான் அதன் அருமை தெரியும்.

இவற்றில் பெரும்பாலானவை தவணை முறையில் திரும்பி வந்தன. கடிகாரம் 2022 தொடக்கத்தில் ஒரு அப்டேட்டில் வந்தது. கோப்பை இழுத்துப் போடுவது 2022 செப்டம்பரில் 22எச்2-வோடு. ஐகான்கள் இடம் கொள்ளாமல் போனால் மூன்று புள்ளிக்குள் மடித்துக் காட்டும் ஏற்பாடு அதற்கு அடுத்த மாதம். செங்குத்து மானிட்டர் வைத்திருப்பவர்களுக்கு இது முக்கியம், ஏனென்றால் அதன் அகலம் 1080 பிக்ஸல்தான். விண்டோ பெயரோடு தனித்தனி பட்டன் 2023 கடைசியில், 23எச்2 காலத்தில். அதிலும் முதன்மை டாஸ்க்பாருக்கு ஒரு தேர்வு, மற்ற டாஸ்க்பார்களுக்கு வேறொரு தேர்வு என்று பிரித்துக் கொடுத்தார்கள். நடு மானிட்டரில் பெயர்களோடும் செங்குத்தில் வெறும் ஐகானாகவும் வைத்திருக்கிறேன். உண்மையில் 10-ஐவிட இது எனக்கு வசதி. பக்கவாட்டு டாஸ்க்பாரைத்தான் 24எச்2 ஏறிய பிறகும் காணோம்.

பழையவர்களுக்கு ஒரு நினைவூட்டல்: பல மானிட்டர் வைக்கும் வசதி விண்டோஸ் 98-லேயே வந்துவிட்டது, ஆனால் எல்லா மானிட்டரிலும் டாஸ்க்பார் என்பது 2012-ல் விண்டோஸ் 8-ல்தான் வந்தது. அதுவரை அல்ட்ராமான், டிஸ்ப்ளேஃப்யூஷன் போன்ற மென்பொருட்களைப் போட்டுத்தான் ஓட்டினோம். இரண்டாவது மானிட்டர் எப்போதுமே இந்த வீட்டில் மாற்றாந்தாய்ப் பிள்ளைதான்.

அதற்கு இன்றும் கண்ணெதிரே நிற்கும் சாட்சி சிஸ்டம் ட்ரே. வைஃபை, ஒலி, பேட்டரி, பின்னணியில் ஓடும் மென்பொருட்களின் சின்ன ஐகான்கள் எல்லாம் முதன்மை மானிட்டரில் மட்டும். 10-லும் அப்படித்தான், புதுக் குறை இல்லை. தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு மட்டும் இதில் தனியாக ஒரு தலைவலி இருக்கிறது. இப்போது கீபோர்டு தமிழில் இருக்கிறதா ஆங்கிலத்தில் இருக்கிறதா என்று காட்டும் குறியும் அதே ட்ரேயில்தான் உட்கார்ந்திருக்கிறது. செங்குத்து மானிட்டரில் பிடிஎஃப்பின் தேடல் பெட்டியில் ஒரு சொல்லை அடிக்கிறேன், கண் அங்கேயே இருக்கிறது, குறியோ பக்கத்துத் திரையின் மூலையில். தமிழ்99 விசைப்பலகை முறையில் அடித்துப் பழகிய விரல் ஆங்கிலப் பயன்முறையில் என்ன கொட்டும் என்று சொல்லத் தேவையில்லை.

இதற்குத் தீர்வு விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது, யாரும் சொல்வதில்லை. செட்டிங்ஸில் டைம் அண்ட் லாங்வேஜ், அதில் டைப்பிங், அதில் அட்வான்ஸ்டு கீபோர்டு செட்டிங்ஸ். அங்கே டெஸ்க்டாப் லாங்வேஜ் பாரைப் பயன்படுத்தவா என்று ஒரு டிக் இருக்கும். அதைப் போட்டுவிட்டு, கீழே உள்ள லாங்வேஜ் பார் ஆப்ஷன்ஸில் ஃப்ளோட்டிங் ஆன் டெஸ்க்டாப் என்பதைத் தேர்ந்தெடுங்கள். எக்ஸ்பி காலத்துச் சின்னப் பட்டை ஒன்று மிதக்கும். பார்க்க லட்சணமாக இருக்காது, ஆனால் இழுத்து எந்த மானிட்டரில் வேண்டுமானாலும் வைக்கலாம். அதே பக்கத்தில் ஒவ்வொரு ஆப் விண்டோவுக்கும் தனி இன்புட் முறை வைத்துக்கொள்ளும் தேர்வும் உண்டு. வேர்டில் தமிழ், பிரவுசரில் ஆங்கிலம் என்று அதுவே நினைவில் வைத்துக்கொள்ளும். இந்த இரண்டும்தான் எனக்கு மிகவும் பயன்பட்ட மாற்றங்கள்.

இனி கெட்டுப்போனவை. மேம்படுத்தி முடித்ததும் ஒரு மானிட்டரில் டாஸ்க்பாரே இல்லை என்றால், முதலில் பார்க்க வேண்டியது செட்டிங்ஸில் பெர்சனலைசேஷன், டாஸ்க்பார், அதில் டாஸ்க்பார் பிஹேவியர்ஸ். எல்லா டிஸ்ப்ளேயிலும் டாஸ்க்பாரைக் காட்டு என்ற டிக் போயிருக்கலாம். அந்தத் தேர்வே மங்கலாகத் தெரிந்தால் பிரச்சினை டாஸ்க்பாரில் இல்லை, விண்டோஸ் ஒரு மானிட்டரைத்தான் பார்க்கிறது என்று அர்த்தம். விண்டோஸ் கீயும் P எழுத்தும் அழுத்தி, எக்ஸ்டெண்ட் தேர்வாகி இருக்கிறதா என்று பாருங்கள். டூப்ளிகேட்டில் இருந்தால் விண்டோஸுக்கு அது ஒரே திரை.

அதுவும் சரியாக இருந்தால் டிவைஸ் மேனேஜரைத் திறந்து டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் என்ற தலைப்பை விரியுங்கள். மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர் என்று இருந்தால், கிராபிக்ஸ் டிரைவர், அதாவது திரைக்குப் படம் அனுப்பும் சிப்பை இயக்கும் மென்பொருள், ஏறவில்லை. அந்த நிலையில் டாஸ்க்பார் செட்டிங்ஸில் என்ன மாற்றினாலும் பயன் இல்லை. லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்திலிருந்தோ கிராபிக்ஸ் சிப் தயாரிப்பாளரின் தளத்திலிருந்தோ டிரைவரை இறக்கிப் போட வேண்டும்.

என் மேஜையில் வந்த தொல்லைக்குக் காரணம் டாக்கிங் ஸ்டேஷன். பெயர் வேண்டாம். மதிய உணவு முடித்து வந்து மவுஸை அசைத்தால் சிஸ்டம் ட்ரே லேப்டாப் திரைக்குப் போயிருக்கும், விண்டோக்கள் எல்லாம் அங்கேயே குவிந்திருக்கும். தூக்கத்திலிருந்து எழும்போது வெளி மானிட்டர்கள் பதில் சொல்லத் தாமதமாகிறது. அதற்குள் விண்டோஸ் லேப்டாப் திரையை மட்டும் வைத்து எல்லாவற்றையும் அடுக்கிவிடுகிறது. டிஸ்ப்ளேபோர்ட் என்ற இணைப்பில் சில மானிட்டர்கள் ஸ்லீப்புக்குப் போனதுமே கேபிளைப் பிடுங்கியதுபோல் தொடர்பை அறுத்துக்கொள்ளும் என்பது தெரிந்த விஷயம். விண்டோஸ் 11-ல் இதற்காகவே மானிட்டர் இணைப்பைப் பொறுத்து விண்டோ இடங்களை நினைவில் வை என்று ஒரு டிக் கொடுத்திருக்கிறார்கள். சிஸ்டம், டிஸ்ப்ளே, மல்டிபிள் டிஸ்ப்ளேஸ் என்று போனால் கிடைக்கும். அது ஆனில்தான் இருந்தது. ஆனாலும் தீரவில்லை.

தீர்ந்தது மூன்று வேலைகளைச் சேர்த்துச் செய்தபோது. டாக்கின் ஃபர்ம்வேரை, அதாவது அதற்குள்ளேயே இருக்கும் மென்பொருளை, புதுப்பித்தேன். மானிட்டரின் சொந்த மெனுவில் டீப் ஸ்லீப், ஆட்டோ இன்புட் இரண்டையும் அணைத்தேன். எந்த மானிட்டர் டாக்கின் எந்தப் போர்ட்டில் என்பதை மாற்றாமல் வைத்தேன். கேபிளைத் துடைத்துவிட்டு வேறு போர்ட்டில் செருகினாலும், புது ஏற்பாடு என்று விண்டோஸ் நினைத்து இடம் வலம் மாற்றிவிட வாய்ப்பு உண்டு. ஒரே மாடலில் இரண்டு மானிட்டர் வைத்திருப்பவர்கள் இதை இன்னும் கவனிக்க வேண்டும். டிஸ்ப்ளேலிங்க் சிப் உள்ள டாக் என்றால் அதற்குத் தனி டிரைவர் தேவை. மேம்படுத்திய பிறகு பழைய டிரைவரே இருந்தால் மானிட்டர் வந்து வந்து போகும்.

சில்லறைத் தொல்லைகளும் உண்டு: டாஸ்க்பார் முழுத்திரை வீடியோவின்மேல் வந்து நிற்பது, இரண்டாவது மானிட்டரில் ஐகான்கள் வெள்ளைக் கட்டமாகத் தெரிவது, கிளிக் எடுக்காமல் இருப்பது. இவற்றுக்கு முழு ரீஸ்டார்ட் தேவையில்லை. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரைத் தேர்ந்தெடுத்து ரீஸ்டார்ட் கொடுங்கள். டாஸ்க்பார் ஒருகணம் மறைந்து வரும், திறந்த கோப்புகளுக்கு ஆபத்தில்லை. திரையே உறைந்தால் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், B நான்கையும் சேர்த்து அழுத்துங்கள், கிராபிக்ஸ் டிரைவர் மட்டும் புதிதாகத் தொடங்கும். ஸ்கேலிங்கை (எழுத்தையும் ஐகானையும் பெரிதாக்கிக் காட்டும் அளவை) லேப்டாப்பில் 150 சதவீதம், மானிட்டரில் 100 சதவீதம் என்று கலந்து வைத்திருந்தால், மாற்றிய பிறகு ஒருமுறை சைன் அவுட் செய்து வாருங்கள். இல்லாவிட்டால் சில ஐகான்கள் மங்கலாகவே நிற்கும்.

பழைய டாஸ்க்பாரையே திரும்பக் கொண்டுவரும் மென்பொருட்கள் இருக்கின்றன: ஸ்டார்ட்ஆல்பேக், ஸ்டார்ட்11, எக்ஸ்ப்ளோரர்பேட்சர். விண்டோஸில் சின்னச் சின்ன மாற்றங்களைச் சேர்க்க உதவும் விண்ட்ஹாக்கில் பக்கவாட்டு டாஸ்க்பாருக்கென்றே தனி மாற்றம் (மாட்) உண்டு. நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனால் இவை எக்ஸ்ப்ளோரருக்குள் கை வைப்பவை, எக்ஸ்ப்ளோரரை மாற்றும் ஒவ்வொரு பெரிய அப்டேட்டும் இவற்றுக்குப் பரீட்சை. வீட்டுக் கணினியில் போட்டுப் பாருங்கள், தப்பில்லை. மறுநாள் காலை வேலையை ஒப்படைக்க வேண்டிய கணினியில் நான் போடுவதில்லை. பக்கவாட்டு டாஸ்க்பார் இல்லாத குறையைக் கீபோர்டால் பாதி தீர்த்துக்கொண்டேன். விண்டோஸ், ஷிஃப்ட், இடது அல்லது வலது அம்பு: விண்டோ அடுத்த மானிட்டருக்குத் தாவும். விண்டோஸ் கீயோடு ஓர் எண்: டாஸ்க்பாரில் அத்தனையாவது ஆப். இரண்டும் விரலில் ஏறிவிட்டால் டாஸ்க்பார் எந்த ஓரத்தில் இருக்கிறது என்பதே மறந்துபோகும்.

இன்னொன்று, எந்த டாஸ்க்பாரில் எந்த ஆப்பைக் காட்டுவது என்ற தேர்வு. விண்டோ திறந்திருக்கும் டாஸ்க்பாரில் மட்டும் என்று வையுங்கள். எல்லா டாஸ்க்பாரிலும் எல்லாவற்றையும் காட்டினால், எது எந்தத் திரையில் இருக்கிறது என்று தேடுவதே வேலையாகிவிடும்.

2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டதால், இப்போது மாறுகிறவர்கள் நிறைய. மாறுவதற்கு முன் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் மானிட்டர்கள் அடுக்கியிருக்கும் படத்தையும், எது மெயின் டிஸ்ப்ளே என்பதையும் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். டாஸ்க்பாரை மாற்றும் மென்பொருள் ஏதும் இருந்தால் முன்கூட்டியே கழற்றிவிடுங்கள். டாக்குக்குப் புது டிரைவரை இறக்கி வையுங்கள். ஏறிய பிறகு 10 நாள் வரை பழைய விண்டோஸுக்கே திரும்பிப் போக முடியும், பழைய விண்டோஸைப் பத்திரப்படுத்தியிருக்கும் விண்டோஸ்.ஓல்டு ஃபோல்டரை மட்டும் அதற்குள் அழித்துவிடாதீர்கள். அந்தப் பத்து நாளில் எல்லா மானிட்டரையும் மாட்டி, உங்கள் வழக்கமான வேலையைச் செய்து, ஸ்லீப்புக்கு அனுப்பி எழுப்பிப் பாருங்கள்.