மஞ்சள் வயரா, மூணு வயரா, ஒத்தை வயரா?

செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு வழியாகப் புனலூர் மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். மகள் கல்யாண டிவிடியைப் போட்டுக் காட்டினார். "கலங்கலாத் தெரியுது மாப்ளே, டிஸ்க் போச்சு போல." டிஸ்க் நல்லாத்தான் இருந்தது. கோளாறு பிளேயரையும் டிவியையும் இணைக்கிற மஞ்சள் வயரில்.

காம்போசிட் எனப்படும் அந்த ஒற்றைக் கம்பியில் வெளிச்சமும் நிறமும் கலந்தே போகும். டிவி திரும்பப் பிரிக்கும்போது சொதப்பும். பட்டுச்சேலை ஜரிகை ஓரத்தில் புள்ளி புள்ளியாக ஊர்வது அதனால்தான். எஸ்-வீடியோ என்ற இன்னொரு வயர் இரண்டையும் தனித்தனியே அனுப்பும், ஆனால் இப்போதைய டிவிகளில் அந்தத் துளையே இல்லை.

என் ஓட்டு காம்பொனென்ட் என்கிற மூணு வயருக்கு. பச்சையில் வெளிச்சம், நீலத்திலும் சிவப்பிலும் நிறக் கணக்கு. மஞ்சள் வயரில் ஒற்றைப்படை வரிகள், இரட்டைப்படை வரிகள் என்று மாறி மாறித்தான் படம் வரும். காம்பொனென்ட்டில், பிளேயரின் 'புரோகிரசிவ்' செட்டிங்கைப் போட்டால் முழுப்படமாகவே வரும். பழைய டியூப் டிவி அதை ஏற்காவிட்டால் திரை உருளும், மறுபடி மஞ்சள் வயரைச் செருகித்தான் செட்டிங்கை மாற்ற வேண்டும். இன்னொரு வம்பு: படத்துக்கு ஒரு சிவப்பு, சத்தத்துக்கு ஒரு சிவப்பு. மாற்றிச் செருகி நானே அரை மணி நேரம் முழித்திருக்கிறேன்.

எச்டிஎம்ஐயில் படமும் சத்தமும் ஒரே வயரில் முடிந்துவிடும். தட்டை டிவி என்றால் யோசிக்காமல் இதுதான். ஆனால் பிளேயர் பெட்டியில் போட்டிருக்கும் 1080 வரி என்பதைப் பார்த்து மயங்காதீர்கள். நம்மூர் டிவி முறையான 'PAL' டிஸ்க்கில் இருப்பது 720×576 புள்ளிகள்தான். மிச்சத்தை பிளேயர் இட்டு நிரப்புகிறது, விருந்தாள் கூடினால் சாம்பாரில் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி. மஞ்சளிலிருந்து காம்பொனென்ட்டுக்கு வரும்போது தெரிகிற வித்தியாசம், அங்கிருந்து எச்டிஎம்ஐக்குப் போகும்போது அவ்வளவு தெரியாது.

சத்தத்தில், சிவப்பு-வெள்ளை ஜோடி இரண்டு ஸ்பீக்கருக்குப் போதும். சுற்றிலும் ஐந்து ஸ்பீக்கர், ஒரு பாஸ் பெட்டி என்று 5.1 டால்பி வேண்டுமென்றால் கோஆக்சியல் (செம்புக் கம்பி) அல்லது ஆப்டிகல் (ஒளி போகும் இழை) வயர், பிளேயரில் சத்தத்தைப் பிரிக்காமல் அப்படியே அனுப்பும் 'பிட்ஸ்ட்ரீம்' செட்டிங். இரண்டிலும் போவது ஒரே தரவு, காதுக்கு வித்தியாசம் கிடையாது. எர்த் சரியில்லாமல் ஸ்பீக்கரில் 'உம்ம்' என்று இரைந்தால் ஆப்டிகல் போடலாம். ஒளிதான் போகிறது, மின்சாரம் இல்லை. ஆனால் அதை மடக்கினால் உள்ளே உடையும். கோஆக்சியலுக்கு அவசரத்தில் நல்ல மஞ்சள் வீடியோ வயரே ஒத்துக்கொள்ளும்.

கல்யாண வீடியோவில் இருப்பது இரண்டு சேனல் நாதஸ்வரம்தான், டால்பிக்குச் செலவு வேண்டாம் என்றேன். மாமாவின் டியூப் டிவியில் காம்பொனென்ட்டுக்கான மூன்று துளையும் இருந்தன. சாரலில் பச்சை பிடித்த பின்களைத் துடைத்துச் செருகியதும் அத்தைதான் முதலில் பேசினாள்: "ஏட்டி, நான் கட்டினது அரக்குல்ல! இத்தனை நாள் மெரூன்னு நெனச்சேன்."