மூன்று வருட டியூப்லெஸ்: ஒரு சைக்கிள் மட்டும் டியூபுக்கே திரும்பிவிட்டது

என்னிடம் இரண்டு சைக்கிள்கள். ஒன்று 40 மிமீ டயர் போட்டது, தினமும் ஓடும். இன்னொன்று 28 மிமீ டயர் போட்ட ரோடு சைக்கிள், தோன்றும்போது எடுப்பேன். மூன்று வருடம் முன்பு இரண்டையும் ஒரே வாரத்தில் டியூப்லெஸ்ஸுக்கு, அதாவது உள்ளே டியூப் இல்லாத டயருக்கு, மாற்றினேன். இப்போது முதலாவது மட்டும்தான் அப்படி ஓடுகிறது.

மாறியதற்குக் காரணம் பஞ்சர்தான். முள் பஞ்சரைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். குழியில் சக்கரம் இறங்கும்போது டியூப் ரிம்முக்கு அடியில் நசுங்கி, பாம்பு கடித்த மாதிரி பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வெட்டு விழுமே, அதுதான் உயிரை வாங்கியது. அதற்குப் பயந்து காற்றை இறுக்கி அடித்தால் கை மரத்துப் போகும். டியூப்லெஸ்ஸில் நசுங்குவதற்கு டியூபே கிடையாது. முன்பு 50 பிஎஸ்ஐ அடித்தவன் இப்போது 35 வைக்கிறேன். ஜல்லி பெயர்ந்த ரோட்டில் வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது.

ஒரு நாள் பின்சக்கரத்தில் ‘ஸ்ஸ்’ என்று சத்தம், கெண்டைக்காலில் ஏதோ வெள்ளையாகத் தெறித்தது. இறங்கிப் பார்த்தால் சின்ன ஆணி. பிடுங்கிவிட்டு, ஓட்டை கீழே வரும்படி சக்கரத்தைத் திருப்பி வைத்தேன். உள்ளே இருந்த சீலன்ட் (ஓட்டையை அடைக்க டயருக்குள் ஊற்றிவைக்கும் திரவம்) நுரைத்துக் குமிழ் விட்டு, அரை நிமிடத்தில் அடங்கிவிட்டது. கொஞ்சம் காற்றடித்துவிட்டுக் கிளம்பினேன். சக்கரத்தைக் கழற்றவே இல்லை.

ஆனால் வழியில் மிச்சமான வேலையை வீட்டில் செய்தாக வேண்டும். சீலன்ட் காய்ந்துபோகிற சரக்கு. மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு தடவை ஊற்றுகிறேன். வெயில் காலத்தில் இன்னும் சீக்கிரம். வால்வுக்குள் போய் உறைந்து, காற்று ஏறாமல் அடம்பிடிக்கும். வால்வு கோரை, அதாவது வால்வுக்குள் திருகியிருக்கும் சின்னப் பாகத்தை, கழற்றிச் சுரண்ட வேண்டும். புது டயர் மாட்டுவது தனிக் கூத்து. சாதாரணப் பம்பில் அடித்தால் காற்று ஓரமாகவே போய்விடும், டயர் ரிம்மில் உட்காராது. ஓரத்தில் சோப்புத் தண்ணீர் தடவி, கோரைக் கழற்றிவிட்டுக் கம்ப்ரஸரில் அடித்தால் ‘பட், பட்’ என்று உட்காரும். முதல் தடவை அந்தச் சத்தத்தில் நான் எட்டிக் குதித்தேன். ரிம், டயர் இரண்டுமே டியூப்லெஸ்ஸுக்கென்று செய்ததாக இருக்க வேண்டும். பழைய ரிம்மில் டேப் ஒட்டி ஒப்பேற்ற வேண்டாம்.

கண்ணாடி கிழித்த பெரிய வெட்டை சீலன்ட் அடைக்காது. ரப்பர் திரி செருகிப் பார்க்கலாம், டயரின் பக்கச் சுவர் கிழிந்தால் அதுவும் பெரும்பாலும் நிற்காது. அதனால் ஒரு டியூப் எப்போதும் பையில் இருக்கும். அதை மாட்டுவதற்கு முன் டயரின் உட்புறத்தைத் துணியால் ஜாக்கிரதையாகத் தடவிப் பாருங்கள். சீலன்ட் அடைத்துவிட்டதால் நமக்குத் தெரியாமலே குத்தி நிற்கும் பழைய முட்கள் இருக்கும். நான் பார்க்காமல் மாட்டி, அடுத்த கிலோமீட்டரிலேயே புது டியூபையும் ஓட்டையாக்கினேன்.

ரோடு சைக்கிள் கதை வேறு. 80 பிஎஸ்ஐயில் சீலன்ட் அடைப்பதற்குள் காற்றோடு சேர்ந்து அதுவே வெளியே பீய்ச்சிவிடுகிறது. சட்டை முதுகெல்லாம் வெள்ளைப் புள்ளி. அதைவிட, அந்த சைக்கிள் மாதக்கணக்கில் நிற்கும். ஆறு மாதம் கழித்து டயரைக் கழற்றினேன். உள்ளே திரவம் சொட்டுக்கூட இல்லை, பால் ஆடை மாதிரி ஒரு தோல்தான் உரிந்து வந்தது. சரி போ என்று டிபியூ (மெல்லிய பிளாஸ்டிக்) டியூபைப் போட்டுவிட்டேன். 40 கிராம்தான் எடை. சாதாரண பியூட்டைல் ரப்பர் டியூப் 100 கிராம் பக்கம் வரும். சுருட்டினால் உள்ளங்கைக்குள் அடங்குகிறது. நிற்கிற சைக்கிளுக்கு இதுதான் சரி.

தினமும் ஓடுகிற சைக்கிளில் டியூப்லெஸ்ஸை மாற்றுகிற எண்ணமே இல்லை. மாதம் ஒரு முறை சக்கரத்தைக் கழற்றி, காதோரம் வைத்துக் குலுக்கிப் பார்ப்பேன். ‘சளக்’ என்று கேட்டால் அப்படியே மாட்டிவிடுவேன். கேட்காவிட்டால் 60 மில்லி ஊற்ற வேண்டியதுதான்.