ஆர்எக்ஸ் 100 கிராங்க்: ராடு மாற்றுவதா, புது கிராங்க் போடுவதா?

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, காரவள்ளி அடிவாரம் தாண்டி சமவெளிச் சாலையில் ஏறியதும்தான் அந்தச் சத்தம் காதில் விழுந்தது. ஆக்சிலேட்டரைத் திருகினால் இன்ஜினின் அடிவயிற்றிலிருந்து கனமாக ஒரு தட்டல். விட்டால் குறைகிறது. அப்பா 1994-இல் வாங்கிய யமஹா ஆர்எக்ஸ் 100 அது. மறுநாள் மெக்கானிக் அண்ணன் ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்டார். “கிராங்க் போச்சு தம்பி, இன்ஜினை இறக்கணும்” என்றார். பிஸ்டனின் மேலும் கீழுமான ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டுதான் கிராங்க்.

இறக்குவது சரி. அப்புறம் என்ன செய்வது என்பதில்தான் ஆளுக்கொரு பேச்சு. பழைய கிராங்கை லேத் பட்டறையில் கொடுத்து, அதைப் பிஸ்டனோடு இணைக்கும் ராடை மாற்றலாம். கடையில் புது கிராங்க் வாங்கிப் போடலாம். சென்னை புதுப்பேட்டை மாதிரி பழைய உதிரிபாகச் சந்தையில் பழைய அசல் கிராங்க் தேடலாம். வேறு இன்ஜினையே ஏற்றிவிடலாம் என்பவர்களும் உண்டு. இதே வண்டியை வைத்துக்கொண்டு இதே குழப்பத்தில் இருப்பவர்கள் நிறையப் பேர் என்பதால், நான் அலைந்து தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

முதலில், உண்மையிலேயே போயிருப்பது கிராங்க்தானா என்று பார்க்க வேண்டும். குளிர்ந்த இன்ஜினில் கலகலவென்று கேட்டு, சூடேறியதும் அடங்கினால் பெரும்பாலும் பிஸ்டன் தேய்மானம்; போர் அடித்து, அதாவது சிலிண்டர் துளையைச் சற்றுப் பெரிதாகக் கடைந்து, ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டால் தீர்ந்துவிடும். வேகத்தோடு சேர்ந்து ஏறும் ஊளைச் சத்தம் என்றால் கிராங்கின் இரண்டு பக்க மெயின் பேரிங்கைச் சந்தேகப்பட வேண்டும். இழுவையில் கேட்கும் கனத்த தட்டல்தான் ராடின் அடிமுனை, அதாவது அது கிராங்கோடு சேரும் இடம்.

ஹெட்டையும் பிளாக்கையும் கழற்றினால் கையாலேயே சோதிக்கலாம். பிஸ்டனை எடுத்துவிட்டு ராடைப் பிடித்து நேர் மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். துளி ஆட்டம் விரலுக்குத் தெரிந்தாலும் அடிமுனை பேரிங் முடிந்தது. ஆனால் பலரும் பக்கவாட்டில் ஆட்டிவிட்டு “ராடு போச்சு” என்று சொல்லிவிடுகிறார்கள். அது தவறு. பக்கவாட்டு இடைவெளி இருந்தே ஆக வேண்டும், எண்ணெய் உள்ளே போவது அந்த வழியாகத்தான். ராடின் மேல்முனை பக்கவாட்டில் 2 மில்லிமீட்டருக்கு மேல் சாய்ந்தால் மட்டும் கவலைப்படலாம். என் வண்டியில் பக்கவாட்டு ஆட்டம் அளவோடுதான் இருந்தது. மேலும் கீழும் இழுத்தபோது மெல்லிய ‘டிக்’ ஒன்று விரல் நுனியில் பட்டது. அதற்குமேல் சந்தேகம் இல்லை.

ஏன் போனது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆர்எக்ஸ் 100 இரண்டு ஸ்ட்ரோக் வண்டி. கிராங்குக்கு அடியில் எண்ணெய்த் தொட்டி இல்லை, பெட்ரோலோடு உள்ளே வரும் 2டி ஆயில்தான் (இரண்டு ஸ்ட்ரோக் எண்ணெய்) அதற்குச் சாப்பாடு. என் வண்டியில் எண்ணெயைத் தானாகவே இன்ஜினுக்குள் அனுப்பும் ஆட்டோலூப் பம்பை யாரோ எப்போதோ கழற்றிவிட்டு, பெட்ரோலில் கலந்து ஊற்றும் வழக்கத்துக்கு மாற்றியிருந்தார்கள். ஆக்சிலேட்டரை முழுக்க மூடி, கியரிலேயே மலை இறங்கினால் இன்ஜின் வேகமாகச் சுற்றுகிறது, ஆனால் கலவை மிகக் குறைவாகத்தான் உள்ளே வருகிறது. எண்ணெயும் அந்த அளவுக்குத்தான். ஏற்கெனவே தேய்ந்திருந்த பேரிங்குக்கு அந்த 70 வளைவுகள் போதும்.

இனி வழிகள். ராடு மாற்றும் வேலையைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நல்லதும் கெட்டதும் அங்கேதான் நடக்கிறது. இந்தக் கிராங்க் ஒரே துண்டு இல்லை. இரண்டு கனமான இரும்புத் தட்டுகள், அவற்றை இணைக்கும் ஒரு பின், அந்தப் பின்னின் மேல் ஊசி பேரிங், அதன் மேல் ராடு. தட்டின் துளையைவிடப் பின் ஒரு மயிரிழை பெரியது. பிரஸ்ஸில் பல டன் அழுத்தம் கொடுத்து ஏற்றியிருப்பார்கள். அந்தப் பிடிப்பைத் தவிர பின்னைத் தாங்க வேறு எதுவும் கிடையாது. 7500 ஆர்பிஎம்மில் வண்டி தன் 11 குதிரைத் திறனையும் கொடுக்கும்போது அந்தப் பின் நொடிக்கு 125 சுற்றுச் சுற்றுகிறது.

ஆகவே ஒவ்வொரு முறை பின்னைக் கழற்றி ஏற்றும்போதும் துளை கொஞ்சம் தளரும். முதல் முறை என்றால் பயமில்லை. இரண்டு முறை ஏற்கெனவே பிரித்த கிராங்க் என்றால் எனக்கு நம்பிக்கை இல்லை. பின்னைச் சுற்றி வெல்டிங் வைத்த தடம் இருந்தால் அதை அப்படியே விட்டுவிடுங்கள். முந்தைய பட்டறை பிடிப்பு போதாமல் போய்த்தான் பெரும்பாலும் அப்படிச் செய்திருக்கும்.

கோவையில் நான் போன லேத் பட்டறைப் பெரியவர் கிராங்கைக் கையில் வாங்கியதும் பின்னின் இரு முனைகளையும் துணியால் துடைத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். “கம்பெனி பிரஸ்தான் தம்பி, இதுவரைக்கும் யாரும் கை வைக்கல” என்றார். வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. பழைய பின் வெளியே வந்தபோது ஒரு பக்கம் நீலம் பாய்ந்து, அரிசி அளவுக்குத் தோல் உரிந்திருந்தது. புது ராடு கிட்டில் ராடு, பின், ஊசி பேரிங், பக்கத்து வாஷர்கள் எல்லாம் சேர்ந்தே வரும்.

பின்னை ஏற்றுவது பாதி வேலைதான். மீதிப் பாதி நேர் பார்ப்பது. கிராங்கை இரண்டு சென்டர்களுக்கு நடுவே மாட்டி, ஷாஃப்டின் மேல் டயல் கேஜை (கோணல் எவ்வளவு என்று முள்ளால் காட்டும் அளவி) வைத்து மெதுவாகச் சுற்றினார். முள் 0.12 மில்லிமீட்டர் ஓடியது. தட்டின் விளிம்பில் செம்புச் சுத்தியால் ஒரே அடி, மறுபடி சுற்று. 0.07. இன்னொரு இடத்தில் இலேசாக ஒரு தட்டு. இப்படியே முக்கால் மணி நேரம். இரண்டு பக்கமும் 0.03-க்குள் வந்த பிறகுதான் கீழே இறக்கினார். முன்பு விசாரித்த இன்னொரு பட்டறையில் ஸ்கேலைத் தட்டின் விளிம்பில் வைத்துப் பார்த்து அனுப்புவதாகச் சொன்னார்கள். அப்படி வந்த கிராங்க் ஓடும், ஆனால் வண்டி கைப்பிடியில் அதிரும், மெயின் பேரிங் சீக்கிரம் தேயும். பட்டறையில் முதலில் கேட்க வேண்டியது கூலியை இல்லை, டயல் கேஜ் இருக்கிறதா என்பதை.

புது கிராங்க் எப்போது சரி? மேக்னெட் பக்கத்துச் சாவிப் பள்ளம் சிதைந்திருந்தால், நுனி மரை போயிருந்தால், பேரிங் உட்காரும் இடம் தேய்ந்திருந்தால் பழையதில் செலவழிக்கவே வேண்டாம். ராடு மாற்றி அதெல்லாம் சரியாகாது. இடைஞ்சல் என்னவென்றால், ஆர்எக்ஸ் 100 தயாரிப்பு 1996-இலேயே நின்றுவிட்டது. கடையில் இன்று கிடைப்பதில் பெரும்பாலானவை வெளி நிறுவனத் தயாரிப்பு. சில நன்றாகவே இருக்கின்றன. சிலவற்றில் தட்டின் எடையும் பின்னின் கடினமும் எப்படி என்று ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். பெட்டியைப் பிரித்து அப்படியே இன்ஜினுக்குள் வைக்காதீர்கள். புது கிராங்கையும் டயலில் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு மாட்டச் சொல்லுங்கள். விலையும் யோசிக்க வேண்டியது. எனக்கு ராடு கிட்டும் பிரஸ் கூலியும் சேர்ந்து, கேட்ட புது கிராங்க் விலையில் பாதிக்கும் கொஞ்சம் கூட ஆனது.

புதுப்பேட்டை வழியை நான் முழுக்கத் தள்ளிவிட மாட்டேன். ஆனால் பழைய கிராங்கை அப்படியே மாட்டுவதற்காக வாங்குவது சூதாட்டம். வருடக்கணக்கில் ஈரத்தில் கிடந்த பேரிங்கில் துரு எங்கே புள்ளி வைத்திருக்கிறது என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. அதன் தட்டுகளுக்காக வாங்குங்கள். யாரும் பிரிக்காத அசல் தட்டு கிடைத்தால், அதில் புது ராடு கிட் ஏற்றினால் சந்தையில் இருக்கும் எந்தப் புது கிராங்குக்கும் அது குறைந்ததில்லை.

இன்ஜின் மாற்றம் எனக்குப் பிடிக்கவில்லை. இன்ஜின் எண் கிராங்கை மூடியிருக்கும் கூடான கிராங்க் கேஸில்தான் பொறித்திருக்கிறது; கிராங்க் மாற்றினால் அந்த எண் மாறாது. இன்ஜினே மாறினால் ஆர்டிஓ அனுமதி, ஆர்சி திருத்தம் என்று அலைய வேண்டும். கேஸ் உடைந்தவர்களுக்கு மட்டுமே அந்த வழி.

எந்த வழியில் போனாலும் இன்ஜினை இறக்கி, கேஸை இரண்டாகப் பிளக்கும் கூலி ஒன்றுதான். அதனால் மெயின் பேரிங்கிலும் ஆயில் சீலிலும் மிச்சம் பிடிக்காதீர்கள். மேக்னெட் பக்கத்துச் சீல் கசிந்தால் வெளிக்காற்றை இழுத்துக் கலவை மெலிந்து பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கிளட்ச் பக்கத்துச் சீல் கசிந்தால் கியர் ஆயிலைக் குடித்து வெள்ளைப் புகை தள்ளும். பழைய பேரிங்கில் பொறித்திருக்கும் எண்ணையும், அதற்குப் பின்னால் வரும் எழுத்தையும் குறித்துக்கொண்டு போய் அதையே கேட்டு வாங்குங்கள்.

நான் ராடு மாற்றினேன். ஆட்டோலூப் பம்பையும் தேடிப் பிடித்துத் திரும்ப மாட்டிவிட்டேன். முதல் 500 கிலோமீட்டர் பாதி ஆக்சிலேட்டருக்கு மேல் போகவில்லை. இப்போது மலை இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் கிளட்சைப் பிடித்து ஒரு முறை ஆக்சிலேட்டரைத் திருகி விடுகிறேன். பிரிக்காத அசல் கிராங்க் இன்னொன்று கிடைத்தால் சொல்லுமாறு பெரியவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். கிடைத்தால் எண்ணெய் தடவி, பிளாஸ்டிக் உறையில் சுற்றி வீட்டில் வைத்துவிடுவேன். என் கிராங்க் இனி ஒரு முறை பிரித்த கிராங்க் ஆயிற்றே.