அட்டை கடிக்கும் காடு, அட்டை கேட்கும் கடல்

மழைக்காட்டுக்குப் போய்வந்தவரைக் கேட்டால், "ஒன்றுமே கண்ணில் படலை" என்பார். பவளப்பாறைக்குப் போய்வந்தவரோ, "எதைப் பார்க்கிறதுன்னே தெரியலை" என்பார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. தரைவாழ் இனங்களில் பாதிக்கு மேல் மழைக்காட்டில்தான் இருக்கின்றன. ஆனால் இலை மறைவில், 30 மீட்டர் உயரத்தில், பாதிக்கூட்டம் இரவில் மட்டும். கடலடியில் 1 சதவீதம்கூட இல்லாத பவளப்பாறையை நம்பிக் கடலினங்களில் கால்வாசி பிழைக்கிறது. அங்கே தலையை நீருக்குள் விட்டதுமே கடை விரித்துவிடும்.

வேடிக்கை பார்க்கத்தான் என்றால் கடலுக்குப் போங்கள், பேச்சே இல்லை. ஆய்வாளர்களோடு தன்னார்வலராகக் கணக்கெடுக்கப் போகிறவருக்குத்தான் கதை வேறு.

காட்டில் முதல் நாளே நீங்கள் உபயோகப்படுவீர்கள். நாடாவைப் பிடிக்கத் தெரிந்தால் போதும். தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் மரத்தின் சுற்றளவு. மரத்தடியில் பலகை போல விரியும் பலகைவேர் அதையும் தாண்டி ஏறியிருந்தால் அதற்கு மேலே. பனாமாவின் பாரோ கொலராடோ தீவில் 50 ஹெக்டேர் காட்டை 1980களின் தொடக்கத்திலிருந்து இப்படித்தான் அளந்து வருகிறார்கள். 1 சென்டிமீட்டர் தடிமன் உள்ள குச்சிச் செடிக்கும் எண் உண்டு. சலிப்பான வேலைதான். நாடா நனைந்து வழுக்கும், பாசிக்கடியில் எண் தகட்டை விரலால் தேட வேண்டும், குனிந்து பார்த்தால் சாக்ஸுக்கு மேல் அட்டை. அந்த அட்டைக்கும் மதிப்பு உண்டு என்று 2012இல் தெரிந்தது. வியட்நாம் காட்டு அட்டைகள் உறிஞ்சிய ரத்தத்தின் மரபணுவை வைத்து, யார் கண்ணிலும் எளிதில் படாத பாலூட்டிகளை அடையாளம் கண்டார்கள்.

கடலில் வேறு அட்டை கேட்பார்கள்: டைவிங் சான்று அட்டை. அது கையில் இருந்தாலும் மறுநாளே வேலையில் இறக்க மாட்டார்கள். தன்னார்வலர்கள் பவளப்பாறையைக் கணக்கெடுக்கும் ரீஃப் செக் முறையில் 100 மீட்டர் நாடாவை அடியில் விரித்து, இடைவெளி விட்டு 20 மீட்டராக நான்கு துண்டுகளில், அரை மீட்டருக்கு ஒரு முறை நாடாவின் நேர் கீழே இருப்பது என்ன என்று ஸ்லேட்டில் எழுத வேண்டும். உயிருள்ள பவளமா, பாறையா, மணலா என்று பிரித்தறியத் தேர்வு வைப்பார்கள். களவா, கிளிமீன், கடல் அட்டை (மூன்றாவது அட்டை!) எல்லாம் தனியாக எண்ண வேண்டும். என் முதல் முயற்சியில் நீரோட்டம் என்னை நாடாவை விட்டே தள்ளிக்கொண்டு போனது. மூன்று புள்ளி எழுதுவதற்குள் நான் வேறெங்கோ. நீருக்குள் நிலையாக மிதக்கக் கைவராதவர் காலில் மாட்டிய துடுப்பால் ஒரு முறை உதைத்தால் போதும், ஆண்டுக்கு 1 சென்டிமீட்டர் அளவில் வளரும் உருண்டைப் பவளத்தின் பல வருட வளர்ச்சி சிதைந்துவிடும். ஆக, பயிற்சிக்கே ஒரு வாரம். கடைசி நாளும் கணக்கில் சேராது. தொடர்ந்து டைவ் செய்தவர், உடலில் கரைந்த நைட்ரஜன் வெளியேற, விமானம் ஏறக் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

ஆபத்து இரண்டிலும் உண்டு. 2000இல் போர்னியோத் தீவின் சபா மாநிலத்தில் நடந்த சாகசப் போட்டியில் ஆற்றில் இறங்கிய பலருக்கு எலிக்காய்ச்சல் வந்தது. கடலில் விபத்து அரிது. ஆனால் நடந்துவிட்டால் டைவர்களுக்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதே கேள்வி. இரண்டையும் ஒரே பயணத்தில் சேர்க்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: மலேரியா வராமலிருக்கச் சாப்பிடும் டாக்ஸிசைக்ளின், படகு வெயிலில் சிலருக்குத் தோலைப் பொசுக்கிவிடும். மருத்துவரிடம் கடல் திட்டத்தையும் சொல்லி மாத்திரை கேளுங்கள்.

அவசரம் என்று பார்த்தால் கடலுக்கே முதலிடம். கோடையின் உச்ச வெப்பத்தைவிட 1 டிகிரி கூடி, அது சில வாரம் நீடித்தாலே பவளம் தனக்கு உணவு தரும் பாசியை இழந்து வெளுக்கத் தொடங்கும். 1998, 2010, 2014-17 என மூன்று உலகளாவிய வெளுப்புகளுக்குப் பின், நான்காவது 2024 ஏப்ரலில் உறுதியானது. கடல் சூடானதைச் செயற்கைக்கோள் சொல்லிவிடும். எந்தப் பவளம் செத்தது, எது தேறியது என்று சொல்ல ஒருவர் இறங்கித்தான் ஆக வேண்டும். வெளுப்புக்கு முந்தைய பதிவு இல்லாத இடத்தில் இழப்பை எதோடு ஒப்பிடுவது?

டைவிங் அட்டையும் நான்கு வாரமும் இருந்தால் கடலுக்குப் போங்கள். இரண்டே வாரம் என்றால் காடு. பணம் கட்டுமுன், போன வருடம் எடுத்த கணக்கு எங்கே போனது, யார் பயன்படுத்தினார்கள் என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பிப் பாருங்கள். எனக்கு ஓரிடத்திலிருந்து பதிலாக வந்தது புகைப்படத் தொகுப்பு மட்டும்தான்.