அலைவரிசைத் திட்டம்: வரைபடக் கணிப்பா, கைபேசி சொல்வதா?

ஜிஎஸ்எம் (2ஜி கைபேசி) வலையமைப்பில் ஒரு அலைவரிசையின் அகலம் 200 கிலோஹெர்ட்ஸ். 5 மெகாஹெர்ட்ஸ் வைத்திருக்கும் நிறுவனத்துக்கு 25 அலைவரிசை; ஓரத்தில் இடைவெளி விட்டால் 24. ஆயிரக்கணக்கான செல்களுக்கு, அதாவது டவர் ஆன்டெனாக்கள் கவனிக்கும் பகுதிகளுக்கு, இதையே திரும்பத் திரும்பப் பங்கிட வேண்டும். வேண்டிய சிக்னல், அதே அலைவரிசையில் குறுக்கிடும் சிக்னலைவிட 9 டெசிபெல்லாவது வலுவாக இருந்தால்தான் பேச்சு தெளிவாகக் கேட்கும். இந்தப் பங்கீட்டுக்குப் பல வழிகள் இருக்கின்றன. என் ஓட்டு, கைபேசிகளின் அளவீட்டை வைத்துத் திட்டத்தை மாற்றிக்கொண்டே போகும் தகவமைப்பு முறைக்கு.

வரைபட முறையில் நிலவமைப்பு, கட்டடங்கள், ஆன்டெனாவின் உயரம், சாய்வு எல்லாவற்றையும் மென்பொருளுக்குக் கொடுத்து, சிக்னல் எங்கே எவ்வளவு எட்டும் என்று கணிக்கிறோம். புதிதாகத் தொடங்கும் வலையமைப்புக்கு வேறு வழியில்லை. அளந்து சொல்ல அங்கே கைபேசிகளே கிடையாது. ஆனால் மனிதர்கள் எங்கே நின்று பேசுகிறார்கள் என்பது இந்த முறைக்குச் சரியாகத் தெரியாது. ஏரியின் நடுவே வரும் குறுக்கீட்டையும் பேருந்து நிலையத்தில் வரும் குறுக்கீட்டையும் அது ஒன்றாகவே பார்த்துவிடும். பன்னிரண்டாவது மாடியில் தூரத்து டவர்களெல்லாம் பளிச்சென்று கிடைப்பதும் அதன் கணக்கில் பெரும்பாலும் வராது.

தகவமைப்பு முறை இங்கேதான் முந்துகிறது. அழைப்பில் இருக்கும் ஒவ்வொரு கைபேசியும் 480 மில்லிநொடிக்கு ஒருமுறை, தன் செல்லின் சிக்னல் அளவையும் வலுவான ஆறு அண்டைச் செல்களின் அளவையும் அனுப்புகிறது. சொந்தச் செல் −70 டிபிஎம் (சிக்னல் வலிமையின் அலகு), அண்டைச் செல் −76 என்று வந்தால் வித்தியாசம் 6 டெசிபெல்தான். இரண்டுக்கும் ஒரே அலைவரிசை கொடுத்திருந்தால் அந்த நொடியில் பேச்சு கெட்டிருக்கும். இப்படி லட்சக்கணக்கான அறிக்கைகளைச் சேர்த்தால், எந்த இரு செல்கள் எவ்வளவு மோதும் என்ற அட்டவணை கிடைத்துவிடும். மக்கள் அதிகம் பேசும் இடத்திலிருந்து அதிக அறிக்கை வருவதால், முக்கியமான இடத்துக்குத் தானாகவே கூடுதல் எடை சேர்ந்துவிடுகிறது. இதுதான் இந்த முறையின் பெரிய பலம்.

ஓட்டையும் உண்டு. எந்த அண்டைச் செல்களைக் கவனிக்க வேண்டும் என்று வலையமைப்பு கொடுக்கும் அண்டைப் பட்டியலில் இருக்கும் அலைவரிசைகளைத்தான் கைபேசி அளக்கும். பட்டியலில் இல்லாத தூரத்து டவர் எவ்வளவு கெடுத்தாலும் அறிக்கையில் வராது. அதனால் அளவீட்டு நாட்களில் சோதனைக்காக வேறு அலைவரிசைகளையும் பட்டியலில் மாற்றி மாற்றிச் சேர்க்க வேண்டும். இதைச் செய்யாமல் போட்ட திட்டத்தை நான் நம்ப மாட்டேன்.

அப்புறம் அலைவரிசைத் தாவல். அழைப்பின் அலைவரிசை நொடிக்கு 217 முறை மாறுவதால் குறுக்கீடு ஒருவர் தலையிலேயே விழாமல் எல்லோருக்கும் பரவுகிறது. பிழைதிருத்தக் குறியீடு மிச்சத்தைச் சமாளிக்கிறது. பேச்சு அலைவரிசைகளுக்கு அருமையான வழி, தாவ நாலைந்து அலைவரிசையாவது இருந்தால். ஆனால் ஒரு செல் தன்னை அறிவிக்கும் பிசிசிஎச் அலைவரிசை தாவ முடியாது. அது எப்போதும் முழு சக்தியில் ஒலிபரப்பிக்கொண்டே இருக்கும். அண்டைச் செல்களின் கைபேசிகள் அதைத்தான் தேடும். எனவே 24-இல் 12 முதல் 15 வரை அதற்கு ஒதுக்கி, அந்த அடுக்கைத் தகவமைப்பு முறையில் திட்டமிட்டு, மிச்சத்தைத் தாவவிடுவதுதான் என் தேர்வு.

நொடிக்கு நொடி செல்லே தன் அலைவரிசையைத் தேர்ந்தெடுத்தால் என்ன? கம்பியில்லா வீட்டுத் தொலைபேசிக்கான டெக்ட் முறையில் அது நன்றாக நடக்கிறது: 10 அலைவரிசை, ஒவ்வொன்றிலும் 12 இணை நேரத்துண்டு, ஆக 120 வாய்ப்பில் சுத்தமான ஒன்றைக் கருவியே பிடித்துக்கொள்ளும். ஆனால் ஜிஎஸ்எம்மில் ஒரு செல்லின் பிசிசிஎச் மாறினால் சுற்றியுள்ள அத்தனை செல்களின் அண்டைப் பட்டியலும் மாற வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் அங்கே ஹேண்டோவர் (அழைப்பு ஒரு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்குக் கைமாறுவது) நின்று அழைப்பு அறுபடும். ஆகவே மாற்றத்தை அழைப்பு குறைந்த நள்ளிரவில், தொகுதி தொகுதியாகச் செய்வதே சரி. பழைய திட்டக் கோப்பு தயாராக இருக்கட்டும். மறுநாள் உச்ச நேரத்தில் எந்தச் செல்லிலாவது அழைப்பு அறுபடுவது கூடினால், முதலில் அதன் அண்டைப் பட்டியலைச் சரிபாருங்கள்.