டெல்பியா, கட்டுரைக் கணக்கா, கணிப்புப் போட்டியா?

எந்தப் புதிய தொழில்நுட்பம் எப்போது ஆய்வகத்தை விட்டுப் படைகளின் கைக்குப் போகும் என்று கணிக்க மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. நிபுணர்களிடம் சுற்றுச் சுற்றாகக் கருத்துக் கேட்பது டெல்பி. ஆய்வுக் கட்டுரைகளையும் காப்புரிமைகளையும் எண்ணிப் பார்ப்பது கட்டுரைக் கணக்கு. ஆளாளுக்கு நிகழ்தகவு சொல்லவைத்துப் பின்னால் மதிப்பெண் போடுவது கணிப்புப் போட்டி. பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து செய்யும் வேலை என்றால் என் ஓட்டு மூன்றாவதற்குத்தான்.

டெல்பி அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனத்தில் 1950களின் தொடக்கத்தில் உருவானது. முதல் கேள்வியே ராணுவக் கேள்வி: அமெரிக்க ஆயுத உற்பத்தியை முடக்க சோவியத் தரப்புக்கு எத்தனை அணுகுண்டுகள் வேண்டும்? ராண்ட் ஆய்வாளர்கள் டால்கியும் ஹெல்மரும் அதை 1963இல்தான் வெளியிட்டார்கள். ஜப்பான் 1971இலிருந்து சுமார் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேசிய அளவில் இதை நடத்துகிறது. இந்தியாவில் மத்திய அரசின் தொழில்நுட்பக் கணிப்பு அமைப்பான டைஃபாக், அப்துல் கலாம் அதன் தலைவராக இருந்தபோது 1996இல் வெளியிட்ட தொழில்நுட்பப் பார்வை 2020 ஆவணங்களும் நிபுணர் கருத்தைத் திரட்டும் இந்த மரபில் வந்தவையே. பெயர் மறைத்துக் கேட்பதால் மூத்த விஞ்ஞானி முன் இளையவர் வாய்மூடி இருக்கும் சிக்கல் இதில் குறைகிறது. ஆனால் மூன்றாம் சுற்றில் எல்லோரும் ஒரே ஆண்டைச் சொல்லத் தொடங்கினால், அது தெளிவா சலிப்பா என்று பிரித்துச் சொல்ல முடியாது. ‘2035’ என்று சொன்னவரை 2035இல் கூப்பிட்டுக் கணக்குக் கேட்பதும் அரிது.

கட்டுரைக் கணக்கு பார்வைக்குக் கச்சிதமானது. ஆஸ்திரேலிய வியூகக் கொள்கை நிறுவனம் அதிகம் மேற்கோள் காட்டப்படும் முதல் 10% கட்டுரைகளை வைத்து 2024இல் வெளியிட்ட கணக்கில், 64 தொழில்நுட்பங்களில் 57இல் சீனா முன்னிலையில் இருந்தது. இப்படி ஒரு எண்ணைக் கண்டதும் எப்படி எண்ணினார்கள் என்று பார்த்துவிட வேண்டும். நான்கு பேர் எழுதிய ஒரு கட்டுரையில் இருவர் இந்தியா, ஒருவர் ஆஸ்திரேலியா, ஒருவர் அமெரிக்கா என்று வைத்துக்கொள்வோம். முழு எண்ணிக்கையில் மூன்று நாட்டுக்கும் தலா 1. ஒரு கட்டுரை மூன்றாகிவிடும். பங்கு எண்ணிக்கையில் 0.5, 0.25, 0.25. கூட்டாய்வு பெருகப் பெருக இந்த இரண்டு கணக்கும் விலகிக்கொண்டே போகும்.

இதைவிடப் பெரிய குறை வேறு. காப்புரிமை விண்ணப்பம் வெளிவரப் பொதுவாக 18 மாதம் ஆகும். ராணுவத்துக்கு நேரடியாக உதவும் வேலை வெளிவராமலே போகலாம். 1942இல் சோவியத் இயற்பியலாளர் ஃப்ளையோரொவ் அமெரிக்க இதழ்களைப் புரட்டியபோது, அணுக்கருப் பிளவு பற்றிய கட்டுரைகள் திடீரென்று நின்றுபோயிருப்பதைக் கவனித்து ஸ்டாலினுக்கே கடிதம் எழுதினார். அவருக்குச் செய்தி சொன்னது கட்டுரை இல்லாமை. எண்ணிக்கை மட்டும் பார்க்கும் நிரலுக்கு அது ‘ஆர்வம் குறைகிறது’ என்றுதான் தெரிந்திருக்கும்.

இனி கணிப்புப் போட்டி. அமெரிக்க உளவு அமைப்புகளுக்கான ஆய்வு நிதியமான ஐஆர்ப்பா 2011இல் தொடங்கிய போட்டியில், உளவியலாளர்கள் டெட்லாக்கும் மெல்லர்ஸும் நடத்திய குழு மற்றக் குழுக்களை வெகுவாக முந்தியது. தொழில்நுட்பத்துக்கென்றே ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகம் சைகாஸ்ட் என்ற கணிப்புச் சந்தையை நடத்தியது. பிரிட்டன் அரசு 2020இல் காஸ்மிக் பஜார் என்று உள்வட்டத் தளம் ஒன்றைத் தொடங்கியது. மதிப்பெண் முறை எளிது: சொன்ன நிகழ்தகவிலிருந்து நடந்ததைக் (நடந்தால் 1, நடக்காவிட்டால் 0) கழித்து வர்க்கப்படுத்த வேண்டும். 80% சொன்னது நடந்தால் 0.04, நடக்காவிட்டால் 0.64. எப்போதும் 50% என்று சொல்பவருக்கு 0.25. எண் சிறியதாக இருந்தால் நல்லது. ஓராண்டு ஓடினால் யார் கணிப்பு நிற்கிறது என்று பட்டம் பதவி பார்க்காமல் தெரிந்துவிடும். மற்ற இரண்டு வழிகளிலும் இது கிடைக்காது.

ஆனால் இந்த வழி பிழைப்பதும் சாவதும் ஒரே இடத்தில்: கேள்வியைத் தீர்ப்பது, அதாவது கேட்டது நடந்ததா இல்லையா என்று முடிவு சொல்வது. தளம் வாங்குவதும் ஆள் சேர்ப்பதும் ஒரு தடவைச் செலவு. தீர்ப்பு ஓயாத பராமரிப்பு.

‘இந்தியா ஹைப்பர்சோனிக் ஏவுகணையைச் சோதிக்குமா?’ என்ற கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். ஹைப்பர்சோனிக் என்றால் ஒலியைப்போல் ஐந்து மடங்கு வேகம், அதாவது மாக் 5ஐத் தாண்டியது. 2020 செப்டம்பர் 7 அன்று இந்தியப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான டிஆர்டிஓ, ஒலியைவிட வேகமாக உள்ளே வரும் காற்றில் எரிபொருளை எரிக்கும் ஸ்க்ராம்ஜெட் எஞ்சின் பொருத்திய செயல்விளக்கக் கலத்தை 20 விநாடிக்கு மேல் பறக்கவிட்டது. அது கலம், ஏவுகணை அல்ல. 2024 நவம்பர் 16 அன்று ஒடிசா கரையோர அப்துல் கலாம் தீவிலிருந்து 1,500 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடிய ஏவுகணையைச் சோதித்தது. கேள்வி 2020இல் கேட்கப்பட்டிருந்தால் பாதிப்பேர் ‘ஆமாம், நடந்துவிட்டது’ என்று சண்டை பிடித்திருப்பார்கள். இன்னொருவர், சாதாரண பாலிஸ்டிக் ஏவுகணையின் முனையும் மாக் 5ஐத் தாண்டித்தானே இறங்குகிறது என்பார். அவர் சொல்வதும் சரி. ஆகவே ‘வளிமண்டலத்துக்குள் மாக் 5க்கு மேல் திசைமாற்றிப் பறக்கும் ஏவுகணை’ என்று கேள்வியிலேயே எழுதியாக வேண்டும்.

நாளும் ஏமாற்றும். பூமியைச் சுற்றிவந்து இறங்கும் சறுக்குக் கலத்தை சீனா 2021 கோடையில் சோதித்ததாக அக்டோபர் 16 அன்றுதான் பத்திரிகையில் வந்தது. அது விண்கலச் சோதனை என்றது சீனா. செப்டம்பர் 30இல் முடியும் கேள்வியை அக்டோபர் 1இல் தீர்த்திருந்தால் ‘இல்லை’ என்றாகி, சரியாகச் சொன்னவர்களுக்கு மோசமான மதிப்பெண் விழுந்திருக்கும். எனவே கேள்வி முடிந்த பிறகு 90 முதல் 180 நாள் காத்திருப்பு வைக்க வேண்டும். எந்த அறிவிப்பை ஏற்பது, இரு தரப்பும் முரண்பட்டால் யார் சொல் முடிவு என்பதையும் கேள்வி திறக்கும் முன்பே எழுதிவைக்க வேண்டும். இதற்கும் விலை உண்டு. ‘அரசு அறிவித்தால்தான் ஆமாம்’ என்று எழுதினால், நாம் கணிப்பது சோதனையை அல்ல, அறிவிப்பை. ரகசியம் கூடின துறைகளில் இந்த இடைவெளி பெரிது.

பல நாடுகள் சேரும்போது இன்னும் இரண்டு விதிகள் வேண்டும். தான் வேலை பார்க்கும் திட்டத்தைப் பற்றிய கேள்வியை யாரும் தொடக்கூடாது. அவர் போடும் 95% என்ற எண்ணே கசிவு. எந்த நாடு எந்தக் கேள்வியை அனுப்பியது என்பதையும் மறைக்க வேண்டும், ஏனென்றால் கேள்விப் பட்டியலைப் பார்த்தாலே யாருக்கு எதில் பயம் என்று புரிந்துவிடும். இதற்கு ஈடாகக் கிடைப்பது பெரிது: சீன மொழி அறிவிப்பையும் ரஷ்ய மொழிச் செய்தியையும் மூலத்திலேயே படிப்பவர்கள் ஒரே கேள்வியில் உட்காருகிறார்கள்.

ஓராண்டுக்குள் முடியும் கேள்விகளில் இந்த முறையை நம்பலாம். ஐந்து, பத்து ஆண்டுக் கேள்விகளில் மதிப்பெண் சான்று மெலிந்தது. அங்கே டெல்பியைவிட இது மேல் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். நீண்டகாலக் கேள்வியை இடைப்படிகளாக உடைப்பதே நடைமுறை வழி. ‘2040இல் குவாண்டம் கணினி இன்றைய குறியாக்கத்தை உடைக்குமா’ என்று கேட்பதைவிட, பிழைதிருத்திய இத்தனை தருக்கக் கியூபிட்டுகள் (குவாண்டம் கணினியின் கணக்கீட்டு அலகுகள்), இந்தப் பிழை வீதத்துக்குக் கீழே, அடுத்த டிசம்பருக்குள் சரிபார்க்கப்பட்ட கட்டுரையில் வருமா என்று கேட்கலாம். அந்தப் படிகள் எவை என்று கண்டுபிடிக்க இரண்டு சுற்று டெல்பி போதும். இப்படிப்பட்டவை வழக்கமாக எவ்வளவு அடிக்கடி நடக்கின்றன என்ற அடிப்படை வீதம் பார்க்கக் கட்டுரைக் கணக்கு உதவும்.

முதல் ஆண்டுக்கு 25 கேள்வி, 40 பேர், இரு வாரத்துக்கு ஒருமுறை கணிப்பைப் புதுப்பித்தல் என்ற அளவே கைக்கு அடங்கும். தீர்ப்புக்கென்று பாதி நேரமாவது ஒருவரை ஒதுக்குங்கள். அவர் போட்டியில் கணிக்கக்கூடாது. அந்த ஒருவருக்குச் சம்பளம் கொடுக்க வழியில்லை என்றால் போட்டியைத் தொடங்காமல் டெல்பியோடு நின்றுவிடுவது நல்லது.